வேலை, ஆற்றல், திறன்: ஒரு தொட்டித் தண்ணீரின் கணக்கு

இரண்டு மாடி வீடு ஒன்றின் மேல் ஆயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டி இருக்கிறது. தரைக்குக் கீழே உள்ள சம்ப்பிலிருந்து மோட்டார் போட்டு அதை நிரப்புகிறார்கள். சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் வாய் வரை 12 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். வேலை, ஆற்றல், திறன் என்று இயற்பியலில் வரும் மூன்று அளவுகளையும் இந்த ஒரே தொட்டியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மின் கட்டணத்தில் வரும் யூனிட்டும் செய்திகளில் வரும் மெகாவாட்டும் ஒன்றல்ல என்பதும் இதே கணக்கில் தெளிவாகும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு என்பதால் அதற்குச் சற்றுக் கூடுதலாக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு பொருளின் மீது விசை செயல்பட்டு, அந்த விசையின் திசையில் பொருள் நகருமானால், விசையை நகர்ந்த தொலைவால் பெருக்கக் கிடைப்பது வேலை. விசையை நியூட்டனிலும் தொலைவை மீட்டரிலும் அளந்தால் வேலை ஜூல் என்னும் அலகில் வரும். ஒரு கிலோகிராம் நிறையைப் பூமி ஏறத்தாழ 9.8 நியூட்டன் விசையுடன் கீழே இழுக்கிறது. அதை மேலே தூக்க வேண்டுமென்றால் நாமும் அதே அளவு விசையை மேல்நோக்கிக் கொடுக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது ஆயிரம் கிலோகிராம். ஆகவே 1000 கிலோகிராமை 9.8-ஆலும் 12 மீட்டராலும் பெருக்கினால், தொட்டியை ஒரு முறை நிரப்பச் செய்ய வேண்டிய வேலை 1,17,600 ஜூல் என்று கிடைக்கிறது. தண்ணீரை யார் ஏற்றினாலும், எவ்வளவு நேரத்தில் ஏற்றினாலும், நேரான குழாயில் ஏற்றினாலும் சுற்றி வளைத்து ஏற்றினாலும், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யப்பட்ட வேலை இந்த அளவுதான்.

இந்த வரையறையில் 'விசையின் திசையில்' என்ற இரண்டு சொற்களைப் பலர் கவனிக்காமல் கடந்து விடுகிறார்கள். தலையில் இருபது கிலோ மூட்டையுடன் ஒருவர் சமதளமான சாலையில் ஒரு கிலோமீட்டர் நடக்கிறார். மூட்டையைத் தாங்கும் விசை மேல்நோக்கி இருக்கிறது. மூட்டையோ கிடைமட்டமாக நகர்கிறது. விசையின் திசையில் நகர்வு இல்லாததால், தாங்கும் அந்த விசை மூட்டையின் மீது செய்த வேலை சுழியம். இதைக் கேட்டவுடன், 'அப்படியானால் அவருக்கு ஏன் வியர்க்கிறது?' என்று மாணவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமானது. மேசை ஒன்று அதே மூட்டையை ஆண்டுக்கணக்கில் எந்தச் செலவும் இல்லாமல் தாங்கி நிற்கும். தசையால் அது முடியாது. தசைநார்கள் இறுக்கமாக இருப்பதற்கே அவற்றின் உள்ளே நுண்ணிய இழைகள் ஓயாமல் பற்றி இழுத்து விடுபட்டு மீண்டும் பற்ற வேண்டியிருக்கிறது. உணவிலிருந்து கிடைத்த வேதி ஆற்றல் இதற்காகச் செலவாகி வெப்பமாக வெளியேறுகிறது. களைப்பு உண்மை; மூட்டையின் மீது வேலை நடக்கவில்லை என்பதும் உண்மை.

இப்போது தொட்டி நிரம்பிவிட்டது. அதைத் தூக்கச் செய்த வேலை எங்கே போயிற்று? அது தண்ணீரின் உயர்ந்த நிலையில் சேமிப்பாக இருக்கிறது. வேலை செய்வதற்கான இந்த இயலளவையே ஆற்றல் என்கிறோம். உயரத்தால் வந்ததை நிலை ஆற்றல் என்கிறோம். ஆற்றலுக்கும் அலகு ஜூல்தான், ஏனெனில் ஆற்றல் கைமாறுவதன் அளவே வேலை. மோட்டாரிடமிருந்த ஆற்றல் வேலையின் வழியாகத் தண்ணீருக்கு வந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றச் செய்தால் அது மறுபடியும் வேலையாக வெளிவரும்.

நகரும் பொருளிடம் இருப்பது இயக்க ஆற்றல். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் அது கிடைக்கும். இருமடி என்பதுதான் இதில் முக்கியம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோ உள்ள ஒரு மோட்டார் சைக்கிள் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 10,000 ஜூல். வேகத்தை 72 கிலோமீட்டராக இரட்டித்தால் ஆற்றல் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 40,000 ஜூலைத் தொடுகிறது. பிரேக் தரும் விசை மாறாமல் இருந்தால், இந்த ஆற்றலை முழுதும் தீர்க்க நான்கு மடங்கு தொலைவு தேவைப்படும். இரு மடங்குதானா, நான்கு மடங்கா என்பது ஐரோப்பிய அறிஞர்களிடையே நெடுங்காலம் நீடித்த விவாதம். ஹாலந்தைச் சேர்ந்த ஸ் கிரேவசாண்டே 1720-களில் பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரத்திலிருந்து மென்மையான களிமண் மீது போட்டு, அவை ஏற்படுத்திய குழிகளை அளந்தார். இரு மடங்கு வேகத்துடன் வந்த குண்டு நான்கு மடங்கு குழியைத் தோண்டியிருந்தது. பிரான்சில் எமிலி டு ஷாட்லே 1740-இல் வெளியிட்ட தம் நூலில் இந்தச் சோதனையைச் சான்றாகக் கொண்டு வாதிட்டார்.

நம் தொட்டிக்குத் திரும்புவோம். மோட்டார் ஏறத்தாழ ஒரு கிலோவாட், அதாவது நொடிக்கு ஆயிரம் ஜூல், மின்சாரம் எடுத்துக்கொண்டு 15 நிமிடத்தில் தொட்டியை நிரப்புகிறது என்றால், அது மின்கம்பியிலிருந்து பெற்ற ஆற்றல் 9,00,000 ஜூல். தண்ணீர் பெற்றதோ 1,17,600 ஜூல். எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல். குழாயின் வாயிலிருந்து தண்ணீர் விழும் வேகத்துக்காகக் கொஞ்சம் ஆற்றல் போயிருக்குமோ என்று பார்க்கலாம். ஒரு அங்குலக் குழாயில் இந்த அளவு தண்ணீர் நொடிக்கு இரண்டேகால் மீட்டர் வேகத்தில் வரும். ஆயிரம் லிட்டருக்கும் சேர்த்து அதன் இயக்க ஆற்றல் சுமார் 2,500 ஜூல்தான். ஆகவே பெருந்தொகை அங்கே போகவில்லை. மோட்டாரின் செப்புச் சுருள்கள் சூடானதிலும், பம்பின் உட்சக்கரம் தண்ணீரைக் கலக்கியதிலும், குழாய்ச் சுவரிலும் எல்போக்களிலும் தண்ணீர் உராய்ந்ததிலும், தாங்கு உருளைகளின் தேய்மானத்திலும் அது வெப்பமாகப் பிரிந்து போயிற்று. முப்பது மீட்டர் உயரத்துக்கு ஏற்றவென்று வடிவமைத்த மோட்டாரைப் பன்னிரண்டு மீட்டருக்குப் பயன்படுத்துகிற வீடுகளில் இந்த வீணடிப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். மோட்டார் வாங்கும்போது குதிரைத்திறனைக் கேட்கிறவர்கள் எந்த உயரத்துக்கு அது பொருத்தமானது என்று கேட்பது அரிது.

இப்படிப் பிரிந்த வெப்பம் நம் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. மீதமுள்ள ஏழே முக்கால் லட்சம் ஜூல் முழுவதும் அந்தத் தண்ணீரிலேயே சேர்ந்திருந்தாலும் அதன் வெப்பநிலை 0.2 டிகிரிகூட உயர்ந்திருக்காது. இந்தச் சிறிய உயர்வை அளந்து காட்டியதில்தான் ஜேம்ஸ் ஜூலின் பெருமை இருக்கிறது. மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் தொழில் நடத்திய குடும்பத்தில் 1818-இல் பிறந்த அவர், கீழே இறங்கும் எடைக்கற்களைக் கொண்டு நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழலச் செய்து, நீர் எவ்வளவு சூடாகிறது என்று நுட்பமான வெப்பமானியால் அளந்தார். ஒரு பவுண்டு நீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், 772 பவுண்டு எடையை ஓர் அடி தூக்கும் வேலைக்குச் சமம் என்று 1850-இல் வெளியிட்டார். இதன்படி நயாகரா அருவியின் அடியில் உள்ள நீர் மேலே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டுச் சொன்னார். வெப்பமும் ஆற்றலின் ஒரு வடிவமே, ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மாறுகிறது என்ற ஆற்றல் அழிவின்மை விதி நிலைபெற்றது இந்தக் காலத்தில்தான்.

ஆற்றல் அழிவதில்லை என்றால், அதைச் சேமியுங்கள் என்று ஏன் சொல்கிறார்கள்? எல்லா வடிவங்களும் ஒரே பயனுடையவை அல்ல என்பதே விடை. மின்சாரத்தை முழுவதுமாக வெப்பமாக்கலாம்; வெந்நீர் போடும் ஹீட்டர் அதைத்தான் செய்கிறது. ஆனால் சுவரிலும் காற்றிலும் கலந்துவிட்ட இளஞ்சூட்டைத் திரட்டி மீண்டும் மோட்டாரை ஓட்ட முடியாது. நாம் செலவழிப்பது ஆற்றலை அல்ல, அதன் பயன்படும் தன்மையை.

அடுத்தது திறன். மோட்டார் பழுதாகிவிட, ஒருவர் பத்து லிட்டர் வாளியால் நூறு நடை நடந்து அதே தொட்டியை நிரப்புகிறார். தண்ணீர் மீது செய்யப்பட்ட வேலை அதே 1,17,600 ஜூல். ஆனால் ஒவ்வொரு நடையிலும் அவர் தம் 60 கிலோ உடலையும் பன்னிரண்டு மீட்டர் தூக்கிச் செல்கிறார். நடைக்கு வாளித் தண்ணீருக்கு 1,176 ஜூல் என்றால் உடலுக்கு 7,056 ஜூல். ஒரு பங்கு தண்ணீருக்கு, ஆறு பங்கு தமக்கே! மாடியில் நின்றுகொண்டு கப்பியும் கயிறும் போட்டு இறைத்தால் இந்த ஆறு பங்கும் மிச்சமாகும் என்பதைக் கொத்தனார்களும் சித்தாள்களும் இயற்பியல் படிக்காமலேயே அறிந்திருக்கிறார்கள். படியேறியே நிரப்பினால் மொத்தம் 8,23,200 ஜூல். நடைக்கு இரண்டு நிமிடம் வீதம் மூன்று மணி இருபது நிமிடத்தில் முடித்தால், நொடிக்கு ஏறத்தாழ 69 ஜூல். வேலை நடக்கும் இந்த வேகமே திறன். நொடிக்கு ஒரு ஜூல் என்பது ஒரு வாட். உடல் உழைப்பில் பழகிய ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து தரக்கூடிய திறனும் ஏறக்குறைய 75 வாட் அளவில்தான் இருக்கிறது. தசைகள் உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றுவதால், இந்த ஒரு தொட்டிக்கு அவர் சுமார் 900 கிலோ கலோரி உண்டிருக்க வேண்டும். ஓர் இட்லிக்கு 50 கிலோ கலோரி என்று கொண்டால் பதினெட்டு இட்லி. சட்னி, சாம்பார் தனிக் கணக்கு.

குதிரைத்திறன் என்ற அலகு வியாபாரத்தில் பிறந்தது. தம் நீராவி எந்திரத்தை விற்க முயன்ற ஜேம்ஸ் வாட், அதுவரை குதிரைகளை வைத்து வேலை வாங்கியவர்களுக்குப் புரிகிற அளவில் அதன் திறனைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓர் அடி தூக்கும் என்று அவர் வரையறுத்தார். இன்றைய அலகில் அது 746 வாட். சாதாரணக் குதிரை ஒன்று நாள் முழுவதும் இந்த வேகத்தில் உழைப்பது கடினம்.

யூனிட் என்பது இங்கிருந்து வருகிறது. ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் அது எடுத்துக்கொள்ளும் ஆற்றல் ஒரு கிலோவாட் மணி, அதாவது ஒரு யூனிட். ஆயிரம் ஜூலை 3,600 நொடியால் பெருக்கினால் 36 லட்சம் ஜூல். வாட் என்பது வேகம் போன்றது, யூனிட் என்பது கடந்த தொலைவு போன்றது. வேகமானி காட்டுவதைக் கிலோமீட்டர்மானி காட்டுவதில்லை. வீட்டு மீட்டர் கூட்டிக்கொண்டே போவது ஆற்றலை. ஆகவே 2,000 வாட் ஹீட்டரைப் பத்து நிமிடம் போட்டால் மூன்றில் ஒரு யூனிட் ஆகும். 70 வாட் மின்விசிறி இருபது மணி நேரம் ஓடினால் 1.4 யூனிட் ஆகும். பெரிய கருவி என்றதும் பயப்படுவதும் சிறிய கருவி என்றதும் மறந்துவிடுவதும், திறனைப் பார்த்துவிட்டு நேரத்தைப் பார்க்காததால் வருகிற பிழை. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. அது 36 கோடி ஜூல். நம் மோட்டார் தொட்டிக்குக் கால் யூனிட் எடுப்பதால், வேறு எதற்கும் செலவழிக்காமல் இருந்தால், 400 தொட்டிகளை நிரப்பப் போதுமானது.

இத்தனை ஜூல்களும் எங்கிருந்து வருகின்றன என்பதே ஆற்றல் மூலங்களைப் பற்றிய கேள்வி. முதலில் நீர். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, அதாவது சுமார் 36.6 மீட்டர். நீர் அந்த உயரம் முழுவதும் விழுவதாகவும் இழப்பே இல்லை என்றும் கொண்டால்கூட, ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் விழ வேண்டும். மட்டம் 60 அடிக்கு இறங்கினால் அதே ஒரு யூனிட்டுக்கு 20,000 லிட்டர் வேண்டும். நீலகிரியில் 1932-இல் உற்பத்தியைத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்திலோ நீர் 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்கள் வழியாக இறங்குகிறது. அங்கே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 400 லிட்டர் போதும். அணையின் பிரமாண்டத்தைப் பார்த்து மின்னுற்பத்தியை மதிப்பிடக் கூடாது. உயரமும் நீரின் அளவும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இதற்கு நேர்மாறானது. ஒரு யூனிட்டுக்கு அங்கே ஏறத்தாழ ஒரு கிலோ நிலக்கரி போதும். மேட்டூரில் பத்தாயிரம் லிட்டர் நீர் செய்ய வேண்டிய வேலையை ஒரு கிலோ எரிபொருள் செய்துவிடுகிறது. அதுவும் அதன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி குளிர்விப்புக் கோபுரங்களின் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் போய்விடுகிறது. இது பொறியாளர்களின் கவனக்குறைவு அன்று. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எந்திரமும் ஒரு பகுதியைக் குளிர்ந்த பக்கத்துக்கு விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ 1824-இல் காட்டிய எல்லை அது. அணுமின் நிலையமும் வெப்ப எந்திரமே என்பதால் அதே எல்லைக்கு உட்பட்டது. ஆனால் எரிபொருளின் செறிவு வேறு உலகம்: யுரேனியம் 235 ஒரு கிலோ முழுவதும் பிளவுற்றால் இரண்டு கோடி யூனிட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் கிடைக்கும்.

காற்றில் முன்பு பார்த்த இருமடி விதி மும்மடியாகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் ஒவ்வொரு கிலோ காற்றின் இயக்க ஆற்றலும் நான்கு மடங்காகும்; அதோடு, நொடிக்கு இறக்கையைக் கடக்கும் காற்றின் நிறையும் இரண்டு மடங்காகும். இரண்டும் சேர்ந்து எட்டு மடங்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் காற்றாலைகள் குவிந்திருப்பதற்கும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவற்றின் உற்பத்தி உச்சத்துக்குப் போய்ப் பின்னர் சரிவதற்கும் இந்த எட்டு மடங்கே காரணம்.

இங்கேதான் மெகாவாட்டையும் யூனிட்டையும் கலக்கிற செய்திகள் வாசகரை ஏமாற்றுகின்றன. ஒரு மெகாவாட் என்பது ஆயிரம் கிலோவாட். கூடங்குளத்தில் இயங்கும் 1,000 மெகாவாட் அணுஉலை ஒன்று முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 2 கோடியே 40 லட்சம் யூனிட் தரும். சூரிய மின் தகடுகள் நம் பகுதியில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் அளவில் தருகின்றன. ஆகவே 1,000 மெகாவாட் சூரிய மின்நிலையம் 40 லட்சம் யூனிட் அளவில்தான் தரும். இரண்டுக்கும் நிறுவுதிறன், அதாவது தரக்கூடிய உச்சத் திறன், ஒன்றே; சூரிய மின்நிலையம் தரும் ஆற்றலோ ஆறில் ஒரு பங்கு. சூரிய மின்சாரம் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் நிலையத்தைப் போன்றவற்றுக்கு எரிபொருள் செலவு கிடையாது. ஒப்பிடும்போது மெகாவாட்டை மெகாவாட்டோடு வைத்துவிட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பது மட்டுமே என் வாதம்.

வெயிலும் காற்றும் நம் தேவையைக் கேட்டு வருவதில்லை. மின்கட்டமைப்பிலோ ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருக்க வேண்டும். கோவை மாவட்டத்தில் ஆழியாறுக்கு மேலே உள்ள காடம்பாறை நிலையம் இதற்கென்றே அமைந்தது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேல் நீர்த்தேக்கத்துக்கு நீரை ஏற்றி, தட்டுப்பாடான நேரத்தில் அதே நீரை இறக்கி 400 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கிறார்கள். நீரை ஏற்றச் செலவான மின்சாரத்தைவிட இறக்கும்போது கிடைப்பது எப்போதும் குறைவாகவே இருக்கும். அந்த இழப்பு, வேண்டிய நேரத்தில் மின்சாரம் கிடைப்பதற்கான விலை.

இந்த மூலங்களில் பெரும்பாலானவை சூரியனிடமிருந்தே வந்தவை. கடல்நீரை ஆவியாக்கி மலைக்கு ஏற்றியதும், காற்றை வீசச் செய்ததும், பல கோடி ஆண்டுகளுக்கு முன் வளர்ந்து மண்ணுக்குள் புதைந்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியான தாவரங்களை வளர்த்ததும், பதினெட்டு இட்லிக்கான அரிசியையும் உளுந்தையும் விளைவித்ததும் அதுவே. அணு ஆற்றல், புவி வெப்பம், நிலவின் ஈர்ப்பால் எழும் ஓத ஆற்றல் ஆகியவை மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. மறுபடியும் கிடைப்பது, தீர்ந்துபோவது என்ற பிரிவு உண்மையில் கால அளவைப் பற்றியது: இந்த ஆண்டு மழை அடுத்த ஆண்டும் பெய்யக்கூடும், நிலக்கரி நம் காலத்துக்குள் மீண்டும் உண்டாகாது.

கடைசியாக, பலரும் கேட்கிற ஓர் ஒப்பீடு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் உண்டு. மின் ஸ்கூட்டர் ஒன்றின் 3 யூனிட் பேட்டரி மூன்றில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குத்தான் சமம். அந்த மூன்றில் ஒரு லிட்டரில் பெட்ரோல் ஸ்கூட்டர் பதினைந்து கிலோமீட்டர் போகும். மின் ஸ்கூட்டரோ அதே ஆற்றலில் நூறு கிலோமீட்டர் அளவுக்குப் போகிறது. பெட்ரோல் எஞ்சினும் வெப்ப எந்திரம் என்பதால் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் எஞ்சின் சூட்டிலும் போய்விடுகிறது. மின்மோட்டாருக்கு அந்தத் தண்டனை இல்லை. ஆனால் அந்த 3 யூனிட் அனல்மின் நிலையத்திலிருந்து வந்திருந்தால், தண்டனை ஏற்கெனவே அங்கே கட்டப்பட்டுவிட்டது: 3 யூனிட்டுக்காக 9 யூனிட் வெப்பம் எரிந்திருக்கும். அப்படிச் சேர்த்துப் பார்த்தாலும், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான வெப்பத்தில் பெட்ரோல் வண்டி நாற்பத்தைந்து கிலோமீட்டரும் மின்வண்டி நூறு கிலோமீட்டரும் ஓடுகின்றன. வீட்டுக் கூரையில் ஒரு கிலோவாட் தகடு இருந்தால் அதன் ஒரு நாள் உற்பத்தியிலேயே அந்த பேட்டரி நிரம்பிவிடும். மிஞ்சுகிற ஒரு யூனிட்டில் சார்ஜர் வீணாக்குவதைக் கழித்தாலும் மேல்தொட்டியை ஒரு முறை நிரப்பிக்கொள்ளலாம்.